சாப் 900 டர்போவுக்கு எக்ஸாஸ்ட் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய காரைப் புதுப்பிக்கும்போது எக்ஸாஸ்ட் கடைசியில்தான் வரும். துருவை வெட்டி எடுத்து, பெயின்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துக் கட்டி, டர்போவையும் (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) சரிசெய்து முடிக்கும்போது கையில் காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. ஏதாவது ஒரு சைலன்சரை மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மனசு பறக்கும். மற்ற கார்களில் இந்த அவசரம் சத்தத்தோடு போய்விடும். டர்போ காரில் அப்படி இல்லை. எக்ஸாஸ்ட்டை மாற்றினால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், மாறும், பூஸ்ட் மாறினால் எரிபொருள் கணக்கு மாறும், அது தப்பினால் பிஸ்டன் போகும்.

நான் இங்கிலாந்தில் ஓட்டுவது 1989ஆம் ஆண்டின் 16 வால்வு சாப் 900 டர்போ. இரண்டு முறை எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறேன். முதல் முறை தவறு, இரண்டாவது முறை சரி. இரண்டிலும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு பழைய டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தக் காரின் குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சுவீடனின் சாப் நிறுவனம் 1977இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 99 டர்போவைக் காட்டியபோது, பெர் கில்பிராண்ட் தலைமையிலான எஞ்சின் குழுவின் எண்ணம் பந்தய வேகம் அல்ல. சிறிய டர்போ, அதற்கு ஒரு வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிஞ்சாமல் கொஞ்சம் வாயுவை டர்போவைத் தொடாமல் வெளியே விடும் வால்வு), குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை, அன்றாடம் ஓட்டக்கூடிய கார். 1979இல் ஸ்டிக் பிளாம்க்விஸ்ட் அதே 99 டர்போவில் ஸ்வீடிஷ் ராலியை வென்றது பெரிய விஷயம்தான், ஆனாலும் காரின் அடிப்படை அதுவல்ல. 900 அந்த வழியில் வந்த கார்: 1985 சிசி, 45 டிகிரி சாய்ந்த நான்கு சிலிண்டர், 16 வால்வு வந்த பிறகு 175 குதிரைத்திறன். நடுச் சுழற்சியில் முதுகைப் பிடித்துத் தள்ளும் அந்த இழுவைதான் இதன் உயிர். அதைக் கெடுக்கும் எந்த எக்ஸாஸ்ட்டும், எவ்வளவு அழகாக உறுமினாலும், இந்தக் காருக்கு வேண்டாம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

டர்போ இல்லாத எஞ்சினில் எக்ஸாஸ்ட் குழாயின் நீளமும் அகலமும் ஒரு இசைக்கருவி மாதிரி வேலை செய்யும். ஒரு சிலிண்டரின் வெளியேற்ற அலை அடுத்த சிலிண்டரைக் காலி செய்ய உதவும். அதனால்தான் "கொஞ்சம் எதிர்அழுத்தம் இருக்க வேண்டும்" என்ற பேச்சு வந்தது. டர்போ காரில் டர்பைனுக்கு (டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) பின்னால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. டர்பைன் சுற்றுவது அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தால். பின்புறம் எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் அது எழும்.

டர்பைனுக்கு முன்னால் கதை தலைகீழ். அங்கே வாயு சூடாகவும் வேகமாகவும் இருக்க வேண்டும், இடம் சிறிதாக இருக்க வேண்டும். பெரிய குழாய்களை வைத்து அகலப்படுத்தினால் வெப்பம் வெளியே போய்விடும், டர்போ சோம்பிவிடும்.

ஆக டர்போவுக்கு முன்னால் கை வைக்காதீர்கள், பின்னால் தாராளமாக விடுங்கள். இனி வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

இப்போது இருப்பதை அளந்து பாருங்கள்

புதியதை வாங்குவதற்கு முன் பழையது எவ்வளவு அடைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லாம்டா சென்சார் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஆக்சிஜனை அளப்பது) இருக்கும் காரில் அதைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு அடாப்டர் மாட்டி, ஒரு மீட்டர் செம்புக் குழாய் வழியாக சாதாரண அழுத்த மானியை இணைக்கலாம். செம்புக் குழாய் வாயுவைக் குளிரவைக்கும், மானி உருகாது. சென்சார் இல்லாத காரில் டவுன்பைப்பில் (டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய்) ஒரு சிறிய திருகுமறை வெல்டு செய்துகொள்ளலாம். பின்னாளில் பெட்ரோல்-காற்றுக் கலவை பார்க்கவும் அதே துளை உதவும், அதனால் செலவு வீணில்லை.

மூன்றாவது கியரில், ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுத்தி, பக்கத்தில் ஒருவரை வைத்து மானியைப் படிக்கச் சொல்லுங்கள். சுழற்சி ஏற ஏற எதிர்அழுத்தமும் ஏறும். உச்சத்தில் 0.1 பார் அருகே நின்றால் உங்கள் எக்ஸாஸ்ட் நன்றாகவே இருக்கிறது. 0.3, 0.4 என்று போனால் எங்கோ கழுத்தைப் பிடிக்கிறது. பல நேரம் அது உள்ளே உடைந்து சரிந்த சைலன்சராகவோ அடைத்த கேட்டலிஸ்டாகவோ (வாயுவின் நச்சைக் குறைக்கும் பாகம்) இருக்கும். அதை மட்டும் மாற்றினாலே போதும் என்று தெரிந்தால் பெரிய செலவு மிச்சம்.

மேனிஃபோல்டு

சிலிண்டர்களிலிருந்து வாயுவைத் திரட்டி டர்போவுக்குக் கொடுக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் விடும், சிலிண்டர் ஹெட்டில் மாட்டும் ஸ்டட்கள் அறுந்துபோகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். டர்போவுக்கு முன்னால் கசியும் வாயு டர்பைனைச் சுழற்றாமல் போகும் வாயு. பின்னால் எவ்வளவு செலவழித்தாலும் இந்தக் கசிவு அதை விழுங்கிவிடும்.

விரிசல் இருந்தால் நல்ல நிலையில் உள்ள அசல் மேனிஃபோல்டைத் தேடி, ஹெட்டில் உட்காரும் முகத்தைச் சமமாகச் சீவி, புது ஸ்டட், புது கேஸ்கெட், செம்பு பூசிய நட் போட்டு மாட்டுங்கள். பளபளக்கும் குழாய் மேனிஃபோல்டுகள் கண்ணைப் பறிக்கும். 175 குதிரைத்திறன் காருக்கு அவை தேவையே இல்லை. மெல்லிய குழாய்கள் டர்போவின் எடையைத் தாங்கிக்கொண்டு சிவக்கச் சூடாகி ஆறி, ஆறிச் சூடாகி, வெல்டு ஓரத்தில் பிளந்துவிடும். வார்ப்பிரும்பு வெப்பத்தைப் பிடித்துவைக்கும், சத்தத்தை அடக்கும். சாப் பொறியாளர்கள் இங்கே செய்ததை நம்பலாம்.

டவுன்பைப்: காசு போட வேண்டிய இடம்

டர்பைனை விட்டு வெளியே வரும் முதல் அரை மீட்டர் குழாய்தான் முழு எக்ஸாஸ்ட்டிலும் முக்கியம். வாயு அங்கே மிகச் சூடாக இருக்கும், அதனால் அதன் கன அளவு அதிகம், வேகம் அதிகம். கூடவே டர்பைன் சக்கரம் அதைச் சுழற்றித் தள்ளும். அதே இடத்தில் வேஸ்ட்கேட் திறந்து பக்கவாட்டில் இன்னொரு ஓட்டம் குறுக்கே வந்து முட்டும். எக்ஸாஸ்ட்டின் மற்ற எந்த இடத்திலும் இவ்வளவு குழப்பம் கிடையாது.

அதனால் டவுன்பைப்பைப் பார்க்கும்போது வெளியே எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்காதீர்கள். ஃபிளேஞ்சை (போல்ட் போடும் தட்டு முனை) திருப்பி உள்ளே பாருங்கள். டர்பைன் வாயும் வேஸ்ட்கேட் வாயும் சேர்ந்த அளவுக்கு முகம் அகலமாக இருக்கிறதா, வெல்டு உள்ளே துருத்திக்கொண்டு நிற்கிறதா, வேஸ்ட்கேட்டின் மூடி முழுவதும் திறக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மூடி குழாய்ச் சுவரில் இடித்தால் பூஸ்ட் கட்டுக்குள் வராது. மாட்டுவதற்கு முன், வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் தண்டைக் கழற்றி, மூடியைக் கையால் முழுவதும் திறந்து மூடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, எஞ்சினையே காப்பாற்றும்.

வளைவுகளையும் கவனியுங்கள். பழைய முறையில் வளைத்த குழாய் வளைவில் நசுங்கி, உள்வட்டம் சுருங்கியிருக்கும். உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்குகோல் வைத்து வளைத்த குழாயில் விட்டம் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும். 63 மி.மீ. நசுங்கிய குழாயைவிட 57 மி.மீ. மாண்ட்ரல் குழாய் மேல்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் நல்ல டவுன்பைப்பை மட்டும் வாங்கி, மீதியை அசலாகவே விடுங்கள். பணத்துக்கு ஏற்ற பலன் இதைவிட வேறெங்கும் கிடைக்காது.

குழாயின் அளவு

"76 தான் போட வேண்டும்" என்று ஒருவர், "63 போதும்" என்று இன்னொருவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் சண்டைக்கு வேலையில்லை.

175 குதிரைத்திறன் தரும் பெட்ரோல் எஞ்சின் உச்சத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 0.14 கிலோ வாயுவை வெளியே தள்ளும். டவுன்பைப் பக்கம் 600 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால், அந்த வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.4 கிலோ. அதாவது விநாடிக்கு 0.35 கன மீட்டர். 1.5 மி.மீ. தடிமன் உள்ள 51 மி.மீ. குழாயின் உள்பரப்பு 18 சதுர செ.மீ. அதில் வாயு விநாடிக்கு சுமார் 194 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 63.5 மி.மீ. குழாயில் பரப்பு 29 சதுர செ.மீ., வேகம் சுமார் 122 மீட்டர். 76 மி.மீ. குழாயில் 42 சதுர செ.மீ., வேகம் சுமார் 84 மீட்டர்.

அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏற்பப் போகும். 51இல் இழப்பு 100 என்றால் 63.5இல் 40, 76இல் 19. முதல் படியில் 60 புள்ளி லாபம், அடுத்த படியில் 21 தான். அந்த 21க்காக எடை, இடப் பற்றாக்குறை, உறுமல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்.

என் முடிவு இது: அசல் சக்தியில் இருந்து 200 குதிரைத்திறன் வரை 63.5 மி.மீ. முழு நீளமும் போதும். டர்போவை மாற்றி 250ஐத் தாண்டப் போகிறீர்கள் என்றால் 76. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் டவுன்பைப்பை மட்டும் 76 வைத்து, வாயு கொஞ்சம் குளிர்ந்த பிறகு 63.5க்கு இறக்கலாம். வாயு குளிரும்போது சுருங்குவதால் பின்பக்கம் சிறிய குழாய் போதுமானது. இந்தக் கலப்பு முறையைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், அது தவறு.

நான் முதலில் போட்டது 76 மி.மீ., நடு சைலன்சர் இல்லாமல். மாட்டிக்கொடுத்த பட்டறையில் அதைத்தான் பரிந்துரைத்தார்கள். முதல் வாரம் மகிழ்ச்சி. பிறகு ஒரு நாள் மூன்று மணி நேரம் நெடுஞ்சாலையில் போனபோது, சீரான வேகத்தில் காதுக்குள் ஒரே ரீங்காரம். இறங்கியபோது மகளுக்குத் தலைவலி. அதன் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. ஒரு வருடம் கழித்து முழுவதையும் கழற்றி 63.5க்கு வந்தேன். வேகத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. மகளும் திரும்ப ஏறினாள்.

சைலன்சரும் அந்த ரீங்காரமும்

டர்பைனே பாதி சைலன்சர் வேலை செய்துவிடும். அதனால் டர்போ காருக்கு நேர்த்துளை சைலன்சர் நன்றாகப் பொருந்தும்: நடுவில் துளையிட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி இழையோ பசால்ட் இழையோ. ஓட்டத்தைத் தடுக்காது, கூர்மையான ஓசைகளை உறிஞ்சிக்கொள்ளும். அறைகள் வைத்த சைலன்சர் தாழ்ந்த ஓசையை நன்றாக அடக்கும், ஆனால் வாயு வளைந்து நெளிந்து போக வேண்டும்.

நேர்த்துளை சைலன்சரின் பலவீனம் அந்தத் தாழ்ந்த ரீங்காரம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் விநாடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். இந்த ஓசையை இழை உறிஞ்சாது. நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சைலன்சர் வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நடுவில் உள்ளதை எடுத்துவிடும் "லைட் வெர்ஷன்" கிட்களை வாங்காதீர்கள்.

அதற்குப் பிறகும் இருந்தால், பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த கிளைக் குழாய் வெல்டு செய்யலாம். அதன் நீளம் அந்த ஓசையின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். 300 டிகிரி வாயுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு 480 மீட்டர். 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 4.8 மீட்டர், கால் பங்கு 1.2 மீட்டர். கிளைக்குள் போய்த் திரும்பும் அலை எதிர் அலையாக வந்து அதை அழித்துவிடும். உங்கள் கார் எந்தச் சுழற்சியில் ரீங்கரிக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப நீளத்தைக் கணக்கிடுங்கள்.

எந்த உலோகம்

மழையும் குளிர்காலச் சாலை உப்பும் உள்ள ஊரில் சாதாரண இரும்பு சில குளிர்காலத்தில் ஓட்டையாகிவிடும். அலுமினியம் பூசிய இரும்பு அதைவிட நீடிக்கும், ஆனால் வெல்டு செய்த இடத்தில் பூச்சு போய் அங்கிருந்து துரு தொடங்கும். 409 வகை ஸ்டெயின்லெஸ் மேலே பழுப்பேறும், உள்ளே உறுதியாக இருக்கும். பல கார் நிறுவனங்கள் பயன்படுத்துவது இதைத்தான். 304 என்பது நம் வீட்டு நல்ல எவர்சில்வர் பாத்திரத்தின் அதே உலோகம். துருவுக்கு அசையாது, பளபளப்பும் நிற்கும்.

304இல் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். அது சூட்டில் அதிகம் நீளும். 4 மீட்டர் எக்ஸாஸ்ட் சராசரியாக 350 டிகிரி சூடேறினால் 304 சுமார் 24 மி.மீ. நீளும், 409 சுமார் 16 மி.மீ. எஞ்சின் வேறு குலுங்கும். டவுன்பைப்புக்குப் பின்னால் பின்னல் போட்ட நெளிகுழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாத கிட் என்றால் அந்த இழுப்பெல்லாம் டர்போ ஃபிளேஞ்சுக்கும் மேனிஃபோல்டு ஸ்டட்களுக்கும் போகும்.

டவுன்பைப்புக்கு வெப்பத் துணி சுற்றலாம், ஸ்டெயின்லெஸ் என்றால் மட்டும். இரும்புக் குழாயில் சுற்றினால் ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.

900க்குத் தயாராகக் கிடைக்கும் எக்ஸாஸ்ட்களில் சுவீடனின் ஃபெரிட்டா, சைமன்ஸ், இங்கிலாந்தின் ஜெடெக்ஸ் என்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். பெயரைவிட மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள்: உள்விட்டம், வளைவின் தரம், எத்தனை சைலன்சர், எந்த உலோகம், நெளிகுழாய் உண்டா.

சட்டமும் காப்பீடும்

இங்கிலாந்தில் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனச் சோதனையில் 1986 ஆகஸ்ட் 1 முதல் 1992 ஆகஸ்டுக்கு முன் வரை பதிவான கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 1200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 1975 ஆகஸ்ட் முதல் 1986 ஜூலை வரையான கார்களுக்கு 4.5 சதவீதம். 40 வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு இந்தச் சோதனை கட்டாயமில்லை. சத்தத்துக்கு எண் கிடையாது; அசல் சைலன்சர் உள்ள அதே மாதிரிக் காரைவிட நியாயமற்ற அளவு அதிகமாக இருக்கக் கூடாது என்பதுதான் விதி. சோதிப்பவரின் காதுதான் தீர்ப்பு.

கேட்டலிஸ்டோடு வந்த கார் என்றால் அதை எடுக்காதீர்கள். அடைத்துப் போயிருந்தால் உலோகத் தேன்கூடு உள்ள புதியதை மாட்டுங்கள், ஓட்டம் தாராளமாக இருக்கும். கடைசியாக, மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் அதுவே வினையாகும்.

மாட்டும்போது

எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகவே வையுங்கள். டர்போவில் தொடங்கிப் பின்னோக்கிப் போய், வரிசை சரியாக வந்த பிறகு முன்னாலிருந்து இறுக்குங்கள். குழாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு போல்ட் போடும் நிலை வந்தால் அந்தத் துண்டு சரியில்லை, வெட்டித் திருத்துங்கள். கார் லிஃப்டில் தொங்கும்போதும், சக்கரம் தரையில் நிற்கும்போதும் பின் அச்சுக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் பக்கத்தில் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முடியாத இடத்தில் வெப்பத் தகடு வையுங்கள். கம்பெனி வைத்த தாங்கி ஏதாவது மிச்சமாகக் கையில் நின்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், அது இருந்ததற்குக் காரணம் உண்டு.

மாட்டிய பிறகு பூஸ்ட்டைப் பாருங்கள்

இதைச் செய்யாமல் முழு வேகம் போகாதீர்கள். சாப்பின் டாஷ்போர்டில் உள்ள பூஸ்ட் மானியில் எண்ணே கிடையாது, நிறப் பட்டைகள்தான். எண் உள்ள மானி ஒன்றைத் தற்காலிகமாகவாவது இணைத்துக்கொள்ளுங்கள்.

900இல் ஏபிசி (APC, Automatic Performance Control) என்ற அமைப்பு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சினில் நாக் (கலவை தப்பான நேரத்தில் தானாக வெடிப்பது) சத்தம் கேட்டால் பூஸ்ட்டைக் குறைக்கும், இல்லையென்றால் தன் எல்லை வரை ஏற்றும். எக்ஸாஸ்ட் தாராளமானால் சிலிண்டரில் பழைய சூடான வாயு குறைவாகத் தங்கும், நாக் குறையும், ஏபிசி பின்வாங்காமல் முழு பூஸ்ட்டைப் பிடித்து நிற்கும். நல்ல எக்ஸாஸ்ட் போட்ட 900 காகித எண்ணைவிட அதிகம் இழுப்பது போலத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

ஏபிசி சோலனாய்டின் (மின்சார வால்வு) இணைப்பைக் கழற்றினால் ஆக்சுவேட்டரின் அடிப்படை பூஸ்ட் மட்டும் மிஞ்சும். அந்த நிலையில், பாதுகாப்பான இடத்தில், மூன்றாவது கியரில் 3000இலிருந்து 5500 வரை முழுவதும் அழுத்திப் பாருங்கள். மானி ஒரே இடத்தில் நின்றால் நல்லது. சுழற்சியோடு சேர்ந்து மெல்ல ஏறிக்கொண்டே போனால், வேஸ்ட்கேட் துளையால் கூடுதல் ஓட்டத்தைக் கடத்த முடியவில்லை. டர்போவைக் கழற்றி அந்தத் துளையை அனுபவமுள்ளவரிடம் அகலப்படுத்த வேண்டும். ஆக்சுவேட்டரைத் தளர்த்திச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், மேல் சுழற்சியில் அது உதவாது. நிலையாக நின்று அளவு மட்டும் கூடியிருந்தால், ஆக்சுவேட்டர் தண்டைத் திருகிக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பூஸ்ட் மிஞ்சினால் பெட்ரோல் பம்ப்பை நிறுத்தும் அழுத்த சுவிட்ச் ஒன்று இந்தக் காரில் உண்டு. ஓடும்போது திடீரென எஞ்சின் வெட்டினால் அதுதான். அதைச் சுற்றி வயர் போட்டு ஏமாற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து கலவை. முதலில் அழுத்தம் அளந்த துளையில் அகல்பட்டை லாம்டா மானி மாட்டி, முழு பூஸ்ட்டில் 0.80க்கும் 0.85க்கும் நடுவில் நிற்கிறதா பாருங்கள் (எண் குறையக் குறைய பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்). உள்ளே வரும் காற்றை அளந்தே பெட்ரோல் கொடுக்கும் அமைப்பு என்பதால் சிறு மாற்றத்தை அதுவே சமாளிக்கும். 0.9ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள். பழைய பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபில்டர், அழுக்கு இன்ஜெக்டர், இந்த வரிசையில் தேடுங்கள்.

எல்லாம் சரி என்றால் 200 கிலோமீட்டர் ஓட்டி, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் டர்போ ஃபிளேஞ்சில் இருந்து கடைசி கிளாம்ப் வரை ஒவ்வொரு நட்டையும் ஒரு முறை இறுக்குங்கள். புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கியிருக்கும், குறைந்தது இரண்டு நட்டாவது கால் திருப்பு வாங்கும்.